ரீத்தாவின் கொரியாக் கல்யாணம்

போன ஈஸ்டர் முடிந்த கையோடு என் பொண்டாட்டி ரீத்தாவுக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெயர் ஈஸ்வரன். எங்கள் தீவின் வடக்கே திக்லிபூர்க்காரன், பாக்குத் தோப்பு வைத்திருக்கிறவன். முதல் புருஷனான நான் சாகவும் இல்லை, ஓடிப்போகவும் இல்லை. ஷாதிபூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இருந்தேன்.

கல்யாணம் நடந்தது போனில். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவன் வீட்டில் ஒருநாள் இது நடக்கட்டும், அப்புறம் அவன் பல்லைப் பார்க்கிறேன்.

எங்கள் மகள் சோபியா கடல் தாண்டி மெயின்லேண்டில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தவள் தன் பழைய போனை அம்மாவிடம் விட்டுப்போனாள். முகம் பார்த்துப் பேசத்தான் என்றாள். அந்த நேரம் ரீத்தா முட்டுவலியால் மீன் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஏதோ ஒரு விளம்பரத்தைத் தொட்டிருக்கிறாள், அந்தக் கொரியாக் கேம் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

கேம் என்றால் கேரம் போர்டு மாதிரி இல்லை. உள்ளே ஒரு தேசமே இருக்கிறது. காடு, சந்தை, கோட்டை, பேய், பிசாசு எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான ஜனங்கள் அதே நேரத்தில் உள்ளே திரிகிறார்கள். ரீத்தாவின் வேஷம் ஒரு வைத்தியக்காரி. நீல முடி, மான் கண், வெள்ளை அங்கி. இடுப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவேண்டும். பெயர் லூர்து. கையிலிருக்கிற கோலைத் தூக்கினால் பச்சை வெளிச்சம் விழும். சாகக் கிடக்கிறவன் அப்படியே எழுந்து நிற்பான்.

அந்தக் கேமில் தனி ஆளாக ஒன்றும் கிழிக்க முடியாது. கூட்டம் சேரவேண்டும், அதற்குக் கில்டு என்று பெயர். ரீத்தாவின் கில்டில் முழுக்க முழுக்க நம் தீவு ஆட்கள். ரங்கத் ஊரில் பேக்கரி வைத்திருக்கிற ஒரு வங்காளி, கேம்பல் பே ஊரில் ஒரு பஞ்சாபிப் பட்டாளத்தான் வீட்டு மருமகள், இப்படி. எல்லாரும் போனில் ஹிந்தியில் கத்திக்கொண்டே பிசாசுகளை வெட்டுவார்கள். எங்கள் வீட்டுக்குள் தினமும் ஒரு கல்யாண வீட்டுச் சத்தம். அதில் என்னை அழைத்தவர் யாரும் இல்லை.

இந்த ஈஸ்வரன்தான் அவர்களுக்கு முன்னால் கேடயத்தோடு நிற்கிறவன். ரீத்தாவை அவன் "ரீத்தாஜி" என்று கூப்பிடுவான். என் வாழ்நாளில் யாரும் அவளுக்கு ஜி போட்டதில்லை. மார்க்கெட்டில் 'ஏ மீன்காரம்மா'. வீட்டில் நான் 'ஏட்டி'. இவன் பாக்குத் தோப்பில் நின்றுகொண்டு ஜி போடுகிறான், அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஞாபகம் இருக்கும்.

"யாரட்டி அவன்?" என்று கேட்டேன்.

"முன்னால நின்னு அடி வாங்குறவரு. அவரு விழுந்தா எல்லாரும் விழுந்துருவோம். அதான் அவரை நான் பாத்துக்கிடணும்."

"பொண்டாட்டி இருக்காளா அவனுக்கு?"

"செத்துப் போயிட்டாவ, பாவம்."

பாவமாம். 

எதிர்வீட்டில் பாலசுப்பிரமணியம் இருக்கிறார். துறைமுக ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். அரசாங்கத்தில் சம்பளம் வாங்கினவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஆனால் கம்ப்யூட்டரில் இரவு பகலாகக் கேம் ஆடுகிற ஆள் எங்கள் தெருவில் அவர் ஒருத்தர்தான். போய் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

"யோவ் அல்போன்ஸ், அது ஆசியாக்காரன் கேம். அப்படித்தான் இருக்கும். முகம் அவன் தருவான், பாதை அவன் போடுவான். நீ கூட்டத்தோட நின்னு அதே பன்றியை ஆயிரம் தடவை வெட்டணும். தினம் வந்து கைநாட்டு வைக்கணும், வராட்டி கூட்டம் உன்னைக் கேள்வி கேக்கும். நான் ஆடுறது அமெரிக்காக்காரன் கேம். இங்க எவனும் உன்னைக் கேக்க மாட்டான். நல்லவனா இரு, திருடனா இரு, கிழக்க போ, மேற்க போ. உன் கதை, உன் இஷ்டம்."

கேட்கவே நன்றாக இருந்தது. எனக்கு ஏற்றது இதுதான் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார வைத்து, கேமுக்குள் திரிய எனக்கு ஒரு ஆள் செய்யச் சொன்னார். அந்தக் கேமில் தாடை, நெற்றி, தழும்பு என்று எல்லாவற்றையும் இழுத்து மாற்றலாம். முன்னே வேலையில் பாரம் இழுக்கிற விஞ்சுக் கயிறு அறுந்து அடித்ததில் என் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு வரும்வரை நான் விடவில்லை. வழுக்கை வைத்தேன், நரை வைத்தேன். அச்சு அசல் நான்.

சில நாள் அங்கேயே கிடந்தேன். பனி பெய்கிற மலை, கறுப்புக் காடு. யாருடைய குடிசைக்குள்ளும் நுழைந்து ரொட்டி திருடலாம். எவனையும் நம்பவேண்டிய தேவையே இல்லை. ஒரு ஆற்றங்கரையில் தூண்டில் போட வசதி இருந்தது, போட்டேன். கை நீளத்துக்கு நல்ல மீன் விழுந்தது. அதைப் பைக்குள் வைப்பதற்குள் பின்னால் இருந்து எவனோ ஒரு வெள்ளைக்காரன் கோடாலியால் பிளந்துவிட்டு மீனை எடுத்துக்கொண்டு போனான். என் பிணம் ஆற்றங்கரையில் கிடந்தது. நாலைந்து பேர் அதைத் தாண்டி ஓடினார்கள். ஒருத்தனாவது குனிந்து பார்க்கவேண்டுமே?

"பாத்தீரா, கொன்னுட்டான்" என்றேன்.

"அதான்யா சுதந்திரம்" என்றார் பாலசுப்பிரமணியம். "பட்டனை அமுக்கு, மறுபடி பொறப்பே."

அமுக்கினேன். மறுபடியும் நான் மட்டும், அந்தப் பனியில். அப்போது எதிர்வீட்டிலிருந்து, அதாவது என் வீட்டிலிருந்து, ஒரு கூச்சல் கேட்டது. ரீத்தா விழுந்துவிட்டாளாம். "தீதி, பொறுங்க! ரீத்தாஜி, வர்றேன்!" என்று அக்கா போட்டும் ஜி போட்டும் பத்துக் குரல் போனுக்குள் ஓடின. நான் எழுந்து பாலசுப்பிரமணியத்தின் ஜன்னலைச் சாத்தினேன்.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. ரீத்தா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எனக்குக் கல்யாணம். அன்னைக்கு டீ நீங்களே போட்டுக்கிடுங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"கேமுக்குத்தான். கல்யாணம் கட்டுனவங்களுக்கு ஒரு பட்டன் தருவான். புருசன் எந்த மூலையில மாட்டுனாலும், பொண்டாட்டி அமுக்குனா அவ பக்கத்துல வந்து நிப்பான். கோட்டைச் சண்டைக்கு அது இல்லாம முடியாது."

எங்கள் கல்யாணத்தில் அப்படி ஒரு பட்டனை யாரும் எங்களுக்குத் தரவில்லை. அன்று சாயங்காலமே கேமில் இருக்கிற எல்லார் போனிலும் தங்க எழுத்தில் ஓடியது: லூர்துக்கும் அந்தக் கேடயக்காரனுக்கும் வெள்ளைத் தேவாலயத்தில் திருமணம், அனைவரும் வருக. வங்காளி அதைச் சத்தமாக வாசித்தான், மற்றவர்கள் கை தட்டினார்கள். மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது.

மூன்று தடவை. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவேண்டும் என்று. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் பாவம். ஓலை வாசித்தாயிற்று. தடை நான்தான். உயிரோடு இருக்கிற தடை. சனிக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு பங்கு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் சாமியார் ராஞ்சிப் பக்கத்து ஆள். எங்களுக்காகத் தமிழ் படித்தவர். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது.

"சாமி, ஒரு கல்யாணத்துக்குத் தடை சொல்லணும்."

பேனாவைத் திறந்தார். "பெண் யார்?"

"ரீத்தா."

"எந்த ரீத்தா?"

"என் ரீத்தா."

பேனாவை மூடினார். "அல்போன்ஸ், காலையிலேயே தண்ணி போட்டிருக்கீங்களா?"

"டீ குடிச்சதோட சரி."

எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் பங்குல நடக்கிற கல்யாணத்துக்குத்தான் நான் தடை கேட்க முடியும். ஓலை எங்கே வாசிச்சாங்களோ, அங்கே போய்ச் சொல்லுங்க" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாலசுப்பிரமணியத்தின் இன்னொரு போனில் கொரியாக் கேமை ஏற்றச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டே ஏற்றினார். ஆள் செய்கிற இடம் வந்தது.

"மூக்கை எங்க மாத்துறது?"

"மூக்கெல்லாம் மாத்த முடியாதுய்யா. நாலு முகம் வச்சிருக்கான், ஒண்ணை எடு."

நாலும் ஒரே முகம். எல்லாம் மீசை முளைக்காத பயல்கள். "கிழவன் இல்லையா?"

"இந்தக் கேம்ல கிழவன் மருந்துக் கடை வச்சிருப்பான், சண்டைக்கு வரமாட்டான்."

கடைசியில் வெள்ளி முடியும் காதில் வளையமுமாக ஒரு அழகுப் பையன் ஆனேன். இந்தக் கோலத்தில் போனால் என் பொண்டாட்டிக்கு என்னை எப்படித் தெரியும்? அங்கே அமெரிக்காவில் என் மூஞ்சி பனியில் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. இங்கே தேவைப்படுகிற இடத்தில் எவன் மூஞ்சியோ.

போனைக் கொண்டுவந்து முன்னறையில் உட்கார்ந்தேன். ரீத்தா உள்ளறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள், கேமுக்குள் சிங்காரம் நடந்துகொண்டிருந்தது. நான் நியூஸ் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

புதுசாகப் பிறந்தவனை ஒரு பட்டிக்காட்டில் விடுகிறார்கள். தேவாலயம் இருப்பது தலைநகரத்தில். வழியெல்லாம் பன்றி. முதல் பன்றியே என்னைச் சாய்த்துவிட்டது. பாதையில் மல்லாக்கக் கிடந்தேன். நாலுமணி ஆகப் போகிறது. அப்போது நரிக்காது வைத்த ஒரு பெண் மான்மேல் வந்து நின்றாள். ஒரு சீட்டைக் கிழித்து என்மேல் போட்டாள். நான் எழுந்துவிட்டேன்.

"க்யா பையா, புதுசா அண்ணே?" என்று கேட்டாள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, கேம்பல் பே மருமகள்.

"கல்யாணத்துக்குப் போகணும்" என்று ஹிந்தியில் சொன்னேன், குரலை அடக்கி.

"லூர்து தீதி கல்யாணமா? நானும் அங்கதான். ஏறுங்க. வழியில எவன் விழுந்து கிடந்தாலும் தூக்கிவிடாம வரக்கூடாதுன்னு தீதி உத்தரவு."

அப்படி, என் பொண்டாட்டி உத்தரவால் எழுந்து, அவள் கல்யாணத்தைத் தடுக்க மான்மேல் போனேன்.

தேவாலயம் என்றால் தேவாலயம். எங்கள் கோயிலை மாதிரிப் பத்து அதற்குள் அடங்கும். நிற்க இடம் இல்லை. றெக்கை வைத்தவன், கொம்பு வைத்தவன், எல்லாம் நம் தீவு ஜனம். முன்னால் ரீத்தா வெள்ளை கவுனில். பக்கத்தில் ஈஸ்வரன், ஜீப் கதவைக் கழற்றி மாட்டினது மாதிரித் தங்கக் கவசம். அவன் நெற்றிக்குமேல் பெயர், அவள் நெற்றிக்குமேல் பெயர், நடுவில் ஒரு இதயம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இதயத்தைப் பிடுங்கிக் கடலில் எறியவேண்டும் போல் இருந்தது.

மைக்கைத் திறந்து கத்தினேன். "நிறுத்துங்க! தடை இருக்கு!"

என் சத்தம் மண்டபத்தில் கேட்டது. உள்ளறைக்குச் சுவர் வழியாகப் போனது. அங்கே அவள் போனில் இருந்து திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது.

மேளம் நின்றுவிட்டது. "கோன் ஹை யே, யாரு இவன்?" என்றான் வங்காளி. "லெவல் ஒண்ணு" என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது.

ரீத்தாவின் குரல் சுவரிலிருந்தும் போனிலிருந்தும் ஒன்றாக வந்தது. "சிரிக்காதீங்க. அது என் வீட்டுக்காரரு."

"அண்ணனா?" என்றான் ஈஸ்வரன். "வணக்கம் அண்ணே! திக்லிபூர்ல இருந்து ஈஸ்வரன் பேசுறேன். சாப்பிட்டீங்களா?"

அவனைத் திட்டுவதற்கென்று மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்கிறவனை எங்கேயிருந்து திட்டுவது?

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. உங்களுக்குப் பிரியம்னா நீங்களே வந்து நில்லுங்க. நான் விலகிக்கிடுறேன், கோயி பாத் நஹீ, பரவாயில்ல." சொன்னதோடு நிற்காமல், அந்தக் கவசத்தோடு ஒதுங்கியும் நின்றான்.

நான் நடந்து போய் ரீத்தா பக்கத்தில் நின்றேன். கல்யாணப் பட்டனை அமுக்கினேன். சிவப்பு எழுத்து வந்தது. கேம்பல் பே மருமகள் மெதுவாக வாசித்துச் சொன்னாள்: லெவல் அறுபதுக்குக் குறைந்தவர்களுக்குத் திருமணம் கிடையாது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரீத்தா போனோடு முன்னறைக்கு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்ப நான் என்ன செய்யணும்ங்கிறீய?"

"வேண்டாம்னு சொல்லிட்டு வா."

"எதுக்கு?"

"நான் இருக்கேன்லா."

"இருக்கீய. நான் இல்லேன்னா சொன்னேன்?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "நாளைக்குக் கோட்டைச் சண்டை. அத்தனை பேரும் என்னைய நம்பி வாறாவ. காலையில போனைத் திறந்தா, ரீத்தாஜி முட்டு எப்படி இருக்குன்னு கேக்காவ. உங்களுக்குத் தெரியுமா, எனக்கு எந்த முட்டு வலிக்குன்னு?"

யோசித்தேன். அவள் நடக்கிறதைக் கண்ணுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். "இடது" என்றேன்.

"ரெண்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. பூ கொட்டியது. ஈஸ்வரன் ஒரு முட்டி போட்டு அவள் கையைப் பிடித்தான். போனைத் தூக்கிப் போட்டிருக்கலாம், செய்யவில்லை. அந்த வெள்ளி முடியோடு மூலையில் நின்று கடைசிவரை பார்த்தேன். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு அரிசிப் பலகாரம் கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று. தின்றால் பலம் கூடுமாம். தின்றேன்.

அன்றிலிருந்து நான் பன்றி வெட்டுகிறேன். காலையில் பன்றி, மத்தியானம் ஓநாய், சாயங்காலம் அதே குகையில் அதே கல் எருமை. முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து. தனியாகப் போனால் ஒரு லெவல் ஏற யுகம் ஆகும், அதனால் ரீத்தா என்னைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். அதில் ஈஸ்வரனும் இருப்பான், வேறு வழியில்லை. அறுபதைத் தொட்டதும் அவர்கள் கல்யாணத்தை ரத்து செய்ய கேம் கடையில் ஒரு மருந்து கிடைக்கிறதாம், வங்காளியிடம் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பாலசுப்பிரமணியம் வாசலில் நின்று கேலி பண்ணுவார். "செக்குமாடு மாதிரி ஒரே இடத்துல சுத்துறியே. என் கேமுக்கு வாய்யா, உன் மூக்கு அங்க உனக்காகக் காத்துக் கிடக்கு."

"அந்த மூக்கை நீரே வச்சுக்கிடும்" என்றேன்.

நேற்று மத்தியானம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். குகைக்குள் கல் எருமை வழக்கத்தைவிட வெறியாக இருந்தது. ஈஸ்வரனைக் கொம்பால் தூக்கியது, அதே வீச்சில் என்னையும் சுவரோடு அறைந்தது. இரண்டு பேருக்கும் உயிர் நூலளவுதான். ரீத்தா குகையின் அந்தக் கோடியில் நின்றாள். அவள் கோலில் ஒரே ஒரு தடவைக்குத்தான் வெளிச்சம் மிச்சம். கோலைத் தூக்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பச்சை வெளிச்சம் குகையெல்லாம் தாண்டி வந்து அவன் தலையில் விழுந்தது.

நான் செத்துப்போனேன்.

"ஏட்டி!" என்று முன்னறையில் இருந்து கத்தினேன்.

"அவரு விழுந்தா எல்லாரும் விழுந்துருவோம்" என்றாள் உள்ளறையில் இருந்து. "கிடங்க. வாறேன்."

போனில் ஒரு பட்டன் மினுக்கியது, ஊருக்குத் திரும்பு என்று. அமுக்கினால் உடனே எழுந்துவிடலாம். நான் அமுக்கவில்லை. வெள்ளி முடி சேற்றில் புரளக் கிடந்தேன். எருமையை முடித்துவிட்டு ஈஸ்வரன் என் பிணத்துக்குமேல் வந்து நின்றான்.

"அண்ணே, என்கிட்ட எழுப்புற சீட்டு இருக்கு. தூக்கிவிடவா?"

"உன் சீட்டை மடிச்சு வச்சுக்க. அவ வருவா."

"அந்தக் கடைசியில இருக்காங்க அண்ணே. நடுவுல வேற எருமை நிக்குது. நேரமாகும்."

"ஆகட்டும்" என்றேன்.